உதிலைதான் கட்டினவை

களவெடுத்தவனைப் பிடிக்கிறது எனக்குப் பெரிய வேலையில்லை. அரசாங்கக் கணக்காய்வுக் கிளையிலை இருக்கிறன். கணக்காய்வைச் சனம் ஓடிற் எண்டுதான் சொல்லும், அதாலை நான் "ஓடிற் மிஸ்". பற்றுச்சீட்டிலை சைபர் கூட்டினவன், இல்லாத ஆளுக்குச் சம்பளம் போட்டவன், ஒரே மதகை இரண்டுதரம் படம் எடுத்து இரண்டு மதகு எண்டு காட்டினவன், எல்லாரையும் பாத்திட்டன். கோப்பைத் தூக்கிக்கொண்டு வாற விதத்திலையே ஆளை எடைபோட்டிடுவன். ஆனா ஒருத்தரும் ஒரு சதமும் எடுக்காமல், எல்லாரும் சட்டப்படி நடந்து, ஒரு மனிசியின்ரை பிழைப்பிலை மண்ணைப் போட்டால் அதை எப்பிடி எழுதிறது எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அதிலை என்ரை கையும் கிடக்கு. அதை நினைச்சால்தான் எனக்கு விசர் வரும்.

பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் நாங்கள் நாள்கணக்கா வரிசையிலை நிண்ட காலம் முடிஞ்ச கையோடை, உள்ளூராட்சிச் சபையளுக்குக் கொழும்பிலையிருந்து ஒரு காசு வந்தது. விழுந்த பொருளாதாரத்தை ஊர் ஊரா நிமித்திறதுக்காம். சனத்துக்கு வருமானம் வாற மாதிரிச் சின்னச் சின்ன வேலையள் செய்யவேணும். வருச முடிவுக்குள்ளை முடிக்கவேணும். முடிக்காட்டில் காசு வந்த வழியாலையே திரும்பிப் போயிடும். அந்தக் காசு என்ன ஆச்சுது எண்டு பாக்கிற வேலையை எங்கடை கிளைக்குத் தந்தவை. சந்தைக் கூரை, கடைத்தொகுதி, மதகு எண்டு ஒரு நீளப் பட்டியல். அதிலை ஒண்டு கருவாட்டுத் தளம்.

கொழும்புத்துறை மாதிரிக் கடல்நீரேரியைப் பாத்த ஒரு கரையோரக் கிராமம். பேர் சொல்லமாட்டன், சபையின்ரை பேரும் சொல்லமாட்டன். அங்கை பொம்பிளையள் நெத்தலியையும் சூடை மீனையும் பழைய வலையிலை பரப்பி மணலிலை காயவிடுவினம். என்னதான் வலை விரிச்சாலும் கருவாட்டிலை மண் ஒட்டும். மண் ஒட்டினால் யாவாரி விலையைக் குறைப்பான். கரையிலையே உயரமாச் சீமெந்துத் தளம் போட்டு, கம்பிவலைத் தட்டும் வைச்சு, ஒரு தண்ணிப் பைப்பும் பூட்டிக் குடுத்தால் கருவாடு சுத்தமாக் காயும், நல்ல விலைக்குப் போகும். யோசிச்சவர் ஆரோ நல்ல மனிசன். அதை நான் குறை சொல்லமாட்டன்.

நான் முதல்தரம் போனது நல்ல வெய்யில் காலம். மருதனார்மடத்திலை வீடு, அங்கையிருந்து ஸ்கூட்டியிலை வெளிக்கிட்டு, வழியிலை இரண்டு மதகையும் ஒரு சந்தைக் கூரையையும் பாத்து முடிச்சுப்போட்டு, தளத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிட்டுது. கல்றோட்டு முடியிற இடத்திலை, ஒரு பெரிய மதிலுக்குப் பக்கத்திலை, வாகைமரத்துக்குக் கீழை தளம் கிடந்தது. சபையின்ரை தொழில்நுட்ப உத்தியோகத்தர் எனக்கு முன்னமே வந்து நிண்டார். இளம் பெடியன், மரியாதையான ஆள். அளவு நாடாவை இழுத்துப் பாத்தன். நீளம் சரி, அகலம் சரி. ஆணியாலை சுரண்டிப் பாத்தன், சீமெந்தும் சரி. பைப்பைத் திறந்தன், தண்ணி வந்தது. சில்லறைப் பிழைகூட இல்லை. அந்த மரநிழல் அப்பிடி ஒரு குளிர்ச்சி. தளத்திலை குந்தியிருந்து, "அப்பாடா, நல்ல இடமாப் பாத்துத்தான் கட்டியிருக்கிறியள்" எண்டு நான் அந்தப் பெடியனுக்குச் சொன்னதை நினைச்சால் இப்பவும் வாயிலை அடிக்கலாம்போலை கிடக்கு.

கருவாடு காயவிடுற தளம். நிழலுக்குக் கீழை. பாக்க வந்த ஓடிற் மிஸ் அதிலை இருந்து காத்து வாங்கிறா!

படிவத்திலை கடைசிக் கட்டம் பயனாளியின்ரை வாக்குமூலம். பயனாளிப் பட்டியலிலை முதலாவது பேர், அந்தக் கரையிலை கருவாடு போடுற ஒரு அக்கா. போன் எடுத்தன். "ஒருக்கா தளத்தடிக்கு வரேலுமோ அக்கா?" எண்டு கேட்டன்.

"ஐயோ மிஸ், நெத்தலி பரப்பியிருக்கு. விட்டிட்டு வந்தால் காகம் கொண்டு போயிடும். நீங்கள் ஒருக்கா கரைக்கு வாங்கோவன்."

மணல் பாதை. ஸ்கூட்டி போகாது. நடந்தால் பத்து நிமிசம். நான் நடக்கேல்லை. இதை எழுதிற நேரமும் வெக்கமாத்தான் கிடக்கு. வெய்யில், பசி, அண்டைக்கு இன்னும் ஒரு வேலை பாக்கக் கிடந்தது, எல்லாம் சொல்லலாம். நடக்கேல்லை எண்டதுதான் மெய். போனிலேயே கேட்டன்.

"அப்ப சொல்லுங்கோ அக்கா, உங்களுக்குத் தளம் கட்டித் தந்தவையோ?"

"ஓம் மிஸ். உதிலைதான் கட்டினவை." சொல்லிப்போட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா. நானும் சிரிச்சன். பிறகு படிவத்திலை எழுதினன்: "தளம் இவ்விடத்திலேயே அமைக்கப்பட்டுள்ளதைப் பயனாளி தொலைபேசி மூலம் உறுதிப்படுத்தினார்." கையெழுத்தும் போட்டன்.

எங்கடை தமிழ் தெரியாதவைக்கு இதிலை என்ன பிழை எண்டு விளங்காது. யாழ்ப்பாணத்திலை நாங்கள் இஞ்சை எண்டால் சொல்லுற ஆளடியிலை. அங்கை எண்டால் இரண்டு பேருக்கும் தூரத்திலை. உங்கை, உதிலை எண்டால் கேக்கிற ஆள் நிக்கிற இடத்திலை; உந்த எண்டால் கேக்கிற ஆளடியிலை கிடக்கிறது. அந்த அக்கா கரையிலை நிண்டுகொண்டு "உதிலைதான்" எண்டு சொன்னா. எண்டால், நீ நிக்கிறாய் பார், அந்த மதிலடியிலைதான் கொண்டுபோய்க் கட்டினவை, எங்கடை கரையிலை இல்லை எண்டு அர்த்தம். அது முறைப்பாடு. அந்தச் சிரிப்பும் அதுக்குத்தான். ஆனா அலுவலகத் தமிழிலை உதுவும் இல்லை, உங்கையும் இல்லை. இது, அது, இவ்விடம், அவ்விடம், அவ்வளவுதான். பிறந்த நாளிலையிருந்து உங்கை உங்கை எண்டு கதைக்கிற நான், பேனையை எடுத்த உடனை அந்தச் சொல்லை விழுங்கிப் போட்டு இவ்விடம் எண்டு எழுதினன். மனிசியின்ரை முறைப்பாடு என்ரை கையாலை அத்தாட்சிப் பத்திரமா மாறிப்போச்சு.

எனக்கு இது அப்ப விளங்கேல்லை. விளங்க ஐஞ்சாறு மாசம் எடுத்தது.

ஒரு நாள் காலமை அலுவலகத்துக்கு ஒரு மனிசி வந்து நிண்டா. கழுத்திலை மாதாப் படம் போட்ட சங்கிலி, கையிலை கடை பை. "போனிலை கதைச்ச ஓடிற் மிஸ் நீங்களோ?" எண்டு கேட்டா. குரலிலை ஆளை மட்டுக்கட்டிப் போட்டன். இருக்கச் சொன்னன், இருக்கேல்லை. பையுக்குள்ளாலை இரண்டு கடதாசியை எடுத்து மேசையிலை வைச்சா.

ஒண்டு சுகாதாரப் பரிசோதகர் குடுத்த அறிவித்தல். கரையிலை மணலிலை மீன் காயவிடக் கூடாது. அதுக்கெண்டு சுத்தமான தளம் கட்டித் தந்தாச்சு. இனிமேல் மணலிலை கண்டால் அள்ளிக்கொண்டு போய் அழிப்பம். மற்றது என்ரை அறிக்கையிலை ஒரு பக்கத்தின்ரை பிரதி. நான் எழுதின அந்த வரிக்குக் கீழை ஆரோ சிவப்புப் பேனையாலை கோடு கீறியிருந்தினம். அவ சபைக்குப் போய், தளத்தைக் கரையிலை கட்டித் தாங்கோ, இல்லாட்டி மணலிலை போட விடுங்கோ எண்டு கேட்டிருக்கிறா. அவை இதைத் தூக்கிக் காட்டியிருக்கினம். நீங்களே ஓடிற் மிஸ்ஸுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறியள், இப்ப வந்து கதையை மாத்திறியளோ எண்டு கேட்டிருக்கினம்.

"நான் எப்ப மிஸ் இவ்விடம் எண்டு சொன்னனான்?" எண்டு கேட்டா. கத்தேல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். "உதிலை எண்டெல்லோ சொன்னனான். உதிலை எண்டால் உங்களுக்கு விளங்காதோ? நீங்களும் எங்கடை ஊர் ஆள்தானே?"

சிவப்புக் கோடு கீறின அந்த வரியைத் திரும்ப வாசிச்சன்.

அவவின்ரை மனிசன் கடலுக்கை வள்ளத்திலை விழுந்து முதுகு நாரி அடிபட்டு, தொழிலுக்குப் போகாமல் வீட்டிலை. இரண்டு பிள்ளையள் பள்ளிக்கூடம். வீட்டிலை அடுப்பு எரியிறது அந்தக் கருவாட்டிலைதான். அள்ளிக்கொண்டு போயிடுவினம் எண்ட பயத்திலை மூண்டு கிழமையா ஒண்டும் காயப்போடேல்லையாம். வாங்கின மீனைப் பச்சையாவே வந்த விலைக்குக் குடுத்திருக்கிறா. "தளத்திலை போட்டுப் பாக்கேல்லையோ?" எண்டு ஒரு நப்பாசையிலை கேட்டன். "போட்டனான் மிஸ். இரண்டாம் நாள் பழுதாகி மணத்துப் போச்சு. வெய்யில் வந்தால்தானே காயிறதுக்கு" எண்டா.

அண்டைக்குப் பின்னேரமே அந்தக் கரைக்கு நடந்து போனன். பத்து நிமிசம்கூட இல்லை. கரை முழுக்க வெய்யில், காத்து, வெளிச்சம். அங்கை போட்ட நெத்தலி ஒரே நாளிலை சலசலக்கக் காயும். திரும்பி மதிலடிக்கு வந்து தளத்திலை கை வைச்சுப் பாத்தன், ஈரக்குளிர். வாகை இலையும் நெத்தும் கொட்டிக் கிடந்தது. கோதாரி, எவன்தான் இந்த இடத்தைப் பிடிச்சவன் எண்டு அந்தத் தொழில்நுட்பப் பெடியனைப் போனிலை பிடிச்சு ஏசினன்.

"லொறி மணலுக்கை தாழும் மிஸ்" எண்டார். "கல்லும் மண்ணும் கரைக்குக் கொண்டு போகேலாது. தலைச்சுமையாக் கொண்டு போனால் கூலி கூடும், மதிப்பீட்டை மாத்தவேணும், மாத்தினால் திரும்பவும் அனுமதி எடுக்கவேணும். வருச முடிவுக்கு இரண்டு கிழமைதான் கிடந்தது. காசு திரும்பிப் போனால் எங்களைத்தானே ஏசுவினம். அதுதான் வேலையை ஒப்பந்தமெடுத்த கொந்தராத்துக்காரர் லொறி நிண்ட இடத்திலையே இறக்கிக் கட்டிப்போட்டார்."

லொறி நிண்ட இடத்திலை தளம் நிண்டுது. ஸ்கூட்டி நிண்ட இடத்திலை ஓடிற் நிண்டுது. நான் அவரைத் திரும்பவும் ஏச வாயெடுத்துப்போட்டு, ஏச என்ன முகம் கிடக்கு எண்டு போனை வைச்சிட்டன்.

வீட்டை வந்து என்ரை மனிசனிட்டைச் சபையை ஏசினன், கொந்தராத்துக்காரரை ஏசினன், வருச முடிவைக் கண்டுபிடிச்சவனையும் சேத்து ஏசினன். இவர் பள்ளிக்கூடத்திலை தமிழ் படிப்பிக்கிற ஆள். தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, "ஊரெல்லாம் ஏசி முடிச்சிட்டீரெண்டால் உம்மடை பேனையையும் ஒருக்கா ஏசும் அப்பா" எண்டார். அந்த மனிசனோடை இரண்டு நாள் கதைக்கேல்லை. அவர் சொன்னது சரி எண்டதுதான் கோவம்.

அறிக்கையைத் திருத்தவேணும் எண்டு எங்கடை கிளைக்குப் பொறுப்பான பெரியவரிட்டைப் போனன். நேர்மையான மனிசன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். எல்லாத்தையும் சொன்னன். பயனாளி "உதிலை" எண்டுதான் சொன்னவ, நான்தான் பிழையா எழுதினனான், அந்தச் சொல்லை அப்பிடியே போட்டுத் திருத்தித் தாறன் எண்டன். அவர் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சார்.

"உந்தச் சொல்லை அறிக்கையிலை போடேலாது பிள்ளை" எண்டார்.

"நீங்களே இப்ப உந்தச் சொல் எண்டுதானே சொல்லுறியள் ஐயா" எண்டன்.

அவருக்கும் சிரிப்பு வந்திட்டுது. ஆனா சிரிச்சு என்ன. "இது மொழிபெயர்ப்பாகிக் கொழும்புக்குப் போகவேணும். உதிலை எண்டதுக்கு இங்கிலிஷிலை என்ன போடுறது? சரி, அதை விடு. காசு சரியோ?"

"சரி ஐயா."

"அளவு?"

"சரி."

"திட்டத்திலை இடம் எண்ட நிரலிலை என்ன கிடக்கு?"

"கரையோரப் பகுதி எண்டு கிடக்கு."

"மதிலடி கரையோரப் பகுதிதானே. அப்ப ஆரின்ரை பிழை எண்டு எழுதப் போறாய்?"

நிழல் எண்ட நிரல் எங்கடை படிவத்திலை இல்லை. வெய்யில் எண்டதும் இல்லை. ஒரு சதம் குறைஞ்சிருந்தால் நான் அந்தச் சபையைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பன். கடைசியிலை பெரியவர் ஒரு விசாரணைக் கடிதம் அனுப்ப விட்டார். தளத்தின்ரை இடம் பயனாளிகளுக்குப் பொருத்தமோ எண்டு மெதுவாக் கேட்ட கடிதம். இரண்டு மாசம் கழிச்சுப் பதில் வந்தது. தளம் நல்ல நிலையிலை கிடக்காம், பயனாளிகள்தான் ஒத்துழைக்கினமில்லையாம். பயன்பாட்டைக் கூட்ட நடவடிக்கை எடுக்கினமாம். சுகாதாரப் பரிசோதகரிட்டையும் நேரை போனன். அவர் தன்ரை சட்டத்தைக் காட்டினார். சட்டம் சரிதான், மணலிலை போட்ட கருவாடு சுத்தமில்லைத்தானே. எல்லாரும் சரி. இப்பிடி எல்லாரும் சரியா இருக்கிற இடத்திலை மாதிரி மூச்சு முட்டுறது வேறை எங்கையும் இல்லை.

அந்த அக்காவுக்கு இரண்டுதரம் போன் எடுத்துச் சொன்னன், முயற்சி செய்யிறன் எண்டு. முதல்தரம் "சரி மிஸ்" எண்டா. இரண்டாம்தரம் போனை எடுக்கேல்லை.

அடுத்த வருசம் தொடர் பரிசோதனை வந்தது. முடிஞ்ச வேலையள் பயன்படுதோ எண்டு பாக்கிறது. படிவத்திலை அச்சடிச்ச கேள்வி: "தளம் பயன்பாட்டில் உள்ளதா? ஆம் / இல்லை." எனக்குப் பெரிய சந்தோசம். கடைசியா எனக்குத் தெரிஞ்ச பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கினம்! வீட்டிலை இருந்தே ஒரு பக்கத்துக்கு எழுதி வைச்சிட்டன். ஏன் பயன்படேல்லை, எங்கை கட்டியிருக்கவேணும், ஆர் போய்ப் பாக்கேல்லை எண்டு. என்ரை பிழையையும் ஒளிக்காமல் எழுதினன். "இல்லை" எண்டு ஒரு வட்டம் போட்டுத் தாளை இணைச்சு அனுப்பினால், அனுப்பினதுதான். பெரியவரும் அதுக்கு மேலை கை வைக்கேலாது.

போன உடனை கண்டன். அந்த அக்கா வாகைமரத்துக்குக் கீழை நிண்டு தளத்தைக் கூட்டிக்கொண்டிருந்தா. சபையின்ரை பச்சைச் சட்டை போட்டிருந்தா.

"என்ன அக்கா, நீங்கள் இஞ்சை?"

"வேலை தந்திருக்கினம் மிஸ். நாள் சம்பளம். உந்தத் தளத்தைக் கூட்டிக் கழுவி வைக்கிறது."

பயன்பாட்டைக் கூட்ட எடுத்த நடவடிக்கை அதுதான். கையிலை கிடந்த கோப்பைப் புரட்டினன். உருவாக்கின வேலைவாய்ப்பு எண்ட நிரலிலை ஒண்டு எண்டு போட்டு, பக்கத்திலை அவவின்ரை பேர் எழுதியிருந்தது. அவவின்ரை பிழைப்பைக் குடிச்ச தளத்தையே அவவைக் கொண்டு கழுவுவிச்சு, அதையும் சாதனை எண்டு கணக்குக் காட்டுறாங்கள். பொறுங்கோ அக்கா, இந்தமுறை விடமாட்டன், ஒரு தளமாவது வெய்யிலிலை கட்ட வைக்கிறன் எண்டு சொல்லி, எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்து அவவுக்கு வாசிச்சுக் காட்டினன்.

அவ தும்புத்தடியை மரத்திலை சாத்திப்போட்டு, முழுக்கக் கேட்டா. கேட்டு முடிய அவவின்ரை முகத்திலை ஒரு சந்தோசமும் இல்லை.

"மிஸ், இதை அனுப்பினால் என்ன செய்வினம்?"

"கேள்வி கேப்பினம். விளக்கம் குடுக்கச் சொல்லுவினம்."

"கரையிலை கட்டித் தருவினமோ?"

அந்தக் காசு எப்பவோ முடிஞ்சுது. புதுக் காசு வந்தால்தான்.

"தரமாட்டினம்" எண்டு அவவே சொன்னா. "ஒருத்தரும் பாவிக்கேல்லை எண்டு உதைப் பூட்டிப் போடுவினம். பூட்டின தளத்தைக் கூட்ட ஆள் என்னத்துக்கு? இவருக்கு மருந்தெடுக்கிறது இந்தச் சம்பளத்திலைதான் மிஸ். நான் வலையெல்லாம் வித்துப்போட்டன். திரும்பக் கருவாடு போட என்னட்டை ஒண்டும் இல்லை."

"அக்கா, ஆராவது ஒருத்தராவது இதிலை கருவாடு காயவிடினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப நான் என்னெண்டு ஆம் எண்டு எழுதிறது?"

அவ என்னை நேரை பாத்தா. "போனமுறை நான் சொன்னதை நீங்கள் எழுதேல்லை. இந்தமுறையாவது நான் சொல்லுறதை எழுதுங்கோ மிஸ்."

பிறகு எழுதிக்கொண்டு போன தாளை நாலா மடிச்சுக் கைப்பையுக்குள்ளை வைச்சிட்டு, "ஆம்" எண்டதைச் சுத்தி வட்டம் போட்டன். தெரிஞ்சுகொண்டு நான் எழுதின முதல் பொய் அது. அவ எட்டிப் பாத்து, சரியான இடத்திலைதான் போட்டிருக்கிறனோ எண்டு வடிவா வாசிச்சுப்போட்டு, தும்புத்தடியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தைக் கூட்டப் போனா.